துமகெத்தேயில் 16 நாட்கள்

பிலிப்பைன்ஸ் என்றால் நமக்கு என்ன தெரியும்? மணிலா தெரியும். ஆண்டுக்கு நாலு முறை வரும் புயல் செய்தி தெரியும். கொஞ்சம் வயதானவர்களுக்கு 1986-ல் நாட்டை விட்டு ஓடிய அதிபர் மார்க்கோஸின் மனைவி இமெல்டா விட்டுப் போன ஜோடி ஜோடியான செருப்புகள் நினைவிருக்கும். எனக்கும் அவ்வளவுதான் தெரியும். ஆகவே அலுவலகத்தில் கூப்பிட்டு, “துமகெத்தே போய் 16 நாள் பயிற்சி கொடுத்துவிட்டு வரவேண்டும்” என்றபோது, அது ஊர்ப் பெயரா, ஆள் பெயரா என்றே எனக்குப் புரியவில்லை.

என் வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்கு என்ன சிகிச்சை நடந்தது என்று படித்துப் பார்த்து, அதை உரிய குறியீட்டு எண்ணாக மாற்றி, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பும் வேலை. சென்னையில் ஏராளமான பெண்கள் இதைச் செய்கிறார்கள். பிலிப்பைன்ஸ் பெண்களும் செய்கிறார்கள். அங்கே ஒரு சிற்றூரில் எங்கள் அலுவலகம் கிளை திறந்து 14 பேரைப் புதிதாக எடுத்திருந்தது. அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கடைசி நாள் பரீட்சை. தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் வீட்டுக்கு!

எனக்கு நாலு வயதில் ஒரு பையன். அவனை விட்டு ஒரு வாரம்கூட நான் பிரிந்து இருந்ததில்லை. தயங்கி நின்றேன். “போயிட்டு வாம்மா. 16 நாள்தானே, 16 வருஷமா?” என்றார் என் அத்தை. ஆகஸ்ட் மாதம் ஒரு நள்ளிரவில் கிளம்பினேன்.

எங்கே இருக்கிறது அந்த ஊர்?

பிலிப்பைன்ஸ் 7,641 தீவுகள் சேர்ந்த நாடு. வடக்கே லூசோன், தெற்கே மிண்டனாவோ, நடுவே விசயாஸ் என்ற தீவுக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் நீக்ரோஸ் ஒரு தீவு. அதன் தென்கிழக்கு மூலையில், கடலை ஒட்டி இருக்கிறது துமகெத்தே. கிழக்கு நீக்ரோஸ் மாகாணத்தின் தலைநகர். 2020 கணக்கெடுப்பில் ஜனத்தொகை சுமார் 1,34,000. சென்னையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து மணிலா, பிறகு உள்நாட்டு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். கடிகாரத்தில் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறார்கள்.

இறங்கியதும் ஒரு பக்கம் நீலக் கடல், இன்னொரு பக்கம் மேகம் மூடிய தலினிஸ் மலை. ‘மென்மையான மக்களின் நகரம்’ என்று இந்த ஊருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. வந்த இரண்டாம் நாளே அதன் பொருத்தம் தெரிந்துவிட்டது. வழி கேட்டால் கையை நீட்டிக் காட்டிவிட்டு நிற்பதில்லை. பாதி தூரம் கூடவே நடந்து வருகிறார்கள்!

ஊரின் அழகு கடற்கரைச் சாலைதான். தேசத் தலைவர் ஹோசே ரிசாலின் பெயர் வைத்திருக்கிறார்கள். 1896-ல் கப்பலில் போகும் வழியில் அவர் இந்த ஊரில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போனார். அதே ஆண்டு டிசம்பர் 30-ம் தேதி ஸ்பெயின் அரசு அவரைச் சுட்டுக் கொன்றது. சாலையில் பழைய மரங்கள், சிமெண்டு பெஞ்சுகள், எதிரே கடலில் சிக்கிஹோர் தீவு. சாயங்காலம் குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். பக்கத்திலேயே 1901-ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் தொடங்கிய சில்லிமன் பல்கலைக்கழகம். அதனால் ஊர் முழுக்க மாணவ மாணவியர். போக்குவரத்துக்கு மோட்டார் சைக்கிளோடு பெட்டி கோத்த வண்டி. ‘பெடிகேப்’ என்கிறார்கள். நம் ஷேர் ஆட்டோதான், போங்கள்! ஏழு பேர் ஏறினாலும் ‘இன்னும் ஒருத்தர் வாங்க’ என்று நகர்ந்து இடம் கொடுக்கிறார்கள்.

முருங்கை கிடைத்தது!

ஹோட்டல் வேண்டாம், சமைக்க வசதியுள்ள வீடாக இருந்தால் நல்லது என்று கேட்டிருந்தேன். ஒரு பாட்டியம்மாளின் வீட்டு மாடியில் அறை போட்டுக் கொடுத்தார்கள். அங்கே பாட்டியை ‘லோலா’ என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். வீட்டில் அவரும், ஆறு வயதுப் பேத்தியும், ஒரு நாயும். லோலாவுக்கு ஆங்கிலம் நன்றாக வந்தது. அவர் சொன்னதையெல்லாம் நம் பாஷையிலேயே எழுதுகிறேன்.

நான் சைவம். அங்கே சைவம் என்பது லேசில்லை. காய்கறி என்று கேட்டால் காய்கறியோடு நாலு துண்டு பன்றி இறைச்சியும் சேர்ந்தே வரும். இல்லாவிட்டால் இறால் விழுது. லோலா எனக்கு முதலில் கற்றுக் கொடுத்த வாக்கியம் இதுதான்: “வலாய் கார்னே, வலாய் இஸ்தா.” கறி கூடாது, மீன் கூடாது. 16 நாளில் இதை நூறு தடவையாவது சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தால், கொல்லைப்புறத்தில் முருங்கை மரம்! என் கண்ணையே நம்ப முடியவில்லை. ஓடிப்போய், “இது என்ன மரம், லோலா?” என்றேன்.

“கமுங்கை” என்றார்.

மணிலாப் பக்கம் ‘மலுங்கை’ என்பார்களாம். கமுங்கை, மலுங்கை, முருங்கை! மரம் மட்டுமில்லை, பெயரும் நம் வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கிறது பாருங்கள். அவர்கள் பெரும்பாலும் கீரையைத்தான் சாப்பிடுகிறார்கள். பாசிப்பயறோடு வேகவைப்பது ஒன்று. வெள்ளிக்கிழமை கறி சாப்பிடாத கத்தோலிக்கக் குடும்பங்களில் அன்றைக்கு இந்தப் பயறுதான் பிரதானம். பரங்கி, வெண்டை, கத்தரி, பசலைக்கீரை எல்லாம் போட்டு, எலுமிச்சைப்புல் மணக்க மணக்கக் கொதிக்கவிடும் ‘உதான்’ என்ற குழம்பு இன்னொன்று. மீன் சேர்க்காமல் எனக்கென்று தனியாக வைத்துக் கொடுத்தார் லோலா.

ஆனால் முருங்கைக்காயை அந்த வீட்டில் யாரும் தொட்டதில்லை. மரத்திலேயே காய்ந்து வெடித்துக் கிடந்தது. நான் நாலு பிஞ்சுக் காயைப் பறித்து, சந்தையில் புளி வாங்கி, ஊரிலிருந்து கொண்டுபோன சாம்பார்ப் பொடியைப் போட்டு, துவரம்பருப்புக்குப் பதில் பாசிப்பருப்பில் சாம்பார் வைத்தேன். “இந்தக் குச்சியை எப்படித் தின்பது?” என்று பேத்தி முழித்தாள். கடித்து, சாற்றை உறிஞ்சி, சக்கையைத் துப்பிக் காட்டினேன். துப்பலாம் என்று தெரிந்ததும் அவளுக்கு வந்த குஷியைப் பார்க்க வேண்டுமே!

“பும்பாய் வந்தாச்சு!”

மூன்றாம் நாள் ஒரு வேடிக்கை. சோப்பு வாங்கத் தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போனேன். ‘சாரி-சாரி’ கடை என்பார்கள். ஷாம்பு, காப்பிப் பொடி, எண்ணெய் எல்லாம் சின்னச் சின்னப் பொட்டலமாக, அன்றாடக் கூலிக்காரர் வாங்கும் அளவில் தொங்கும். என்னைப் பார்த்ததும் ஒரு பையன் “பும்பாய்! பும்பாய்!” என்று கத்தினான். கடைக்கார அம்மாள் முகம் சுருங்கிவிட்டது. எனக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

லோலா சிரித்துச் சிரித்து விளக்கினார். பம்பாய் என்ற பெயரிலிருந்து வந்த சொல். இந்தியர் எல்லோருக்கும் அங்கே அதுதான் பெயர். பஞ்சாப் பக்கத்திலிருந்து போய்க் குடியேறிய பலர் மோட்டார் சைக்கிளில் தெருத் தெருவாக வந்து சிறு கடன் கொடுக்கிறார்கள். ‘ஐந்து-ஆறு’ கடன் என்று அதற்குப் பெயர். 5,000 பெசோ வாங்கினால் 6,000 திருப்பித் தரவேண்டும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக. வங்கி எட்டிப் பார்க்காத ஏழைப் பெண்ணுக்கு வாசலிலேயே பணம் கிடைக்கிறது. ஆனால் வட்டி ரத்தத்தை உறிஞ்சுகிறது. நம் ஊர்க் கந்துவட்டியைத் தெரிந்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு மாற்று மருந்தும் பெண்களே வைத்திருக்கிறார்கள். ‘பலுவாகன்’. வேறொன்றுமில்லை, நம் சீட்டுத்தான்! அங்கே சம்பளம் மாதம் இரண்டு முறை வரும். பத்துப் பெண்கள் சேர்ந்து சம்பளத்துக்குச் சம்பளம் ஆளுக்கு 500 பெசோ போடுகிறார்கள். 5,000 பெசோ முறைப்படி ஒருத்திக்குப் போகிறது. ஏலம் கிடையாது, கழிவு கிடையாது. ஒரு பெசோ நம் பணத்தில் சுமார் ஒன்றரை ரூபாய் என்று கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள். என் வகுப்பில் இருந்த பெண்களே இப்படி ஒரு சீட்டு ஆரம்பித்துவிட்டார்கள்.

ராத்திரி வேலையும் தாய்ப்பால் அறையும்

அமெரிக்காவில் பகல் என்றால் இங்கே இரவு. ஆகவே எங்கள் வகுப்பு இரவு எட்டு மணிக்குத் தொடங்கி விடிகாலை ஐந்து மணி வரை. 14 பேரில் 11 பேர் பெண்கள். அவர்களில் ஏழு பேர் குழந்தை பெற்றவர்கள். வயது வித்தியாசம் பார்த்து என்னை ‘ஆத்தே’ என்றார்கள். அக்கா என்று அர்த்தம். நம் ஆத்தாவுக்குப் பக்கத்துச் சொந்தம் போலக் காதில் இனிமையாக விழுந்தது.

அவர்களில் ஒருத்திக்குக் கைக்குழந்தை, ஐந்து மாதம். கணவர் பெடிகேப் ஓட்டுகிறார். நள்ளிரவில் இருபது நிமிஷம், பிறகு மூன்று மணிக்கு இருபது நிமிஷம் எழுந்து போவாள். முதல் நாள் நான் விசாரித்தபோது ஓர் அறையைத் திறந்து காட்டினாள். சுத்தமான சின்ன அறை. கை கழுவத் தொட்டி, சாய்வு நாற்காலி, மின்சார இணைப்பு, சிறிய குளிர்பதனப் பெட்டி. அதில் பெயரும் தேதியும் ஒட்டிய புட்டிகள்.

இது முதலாளியின் தர்மம் இல்லை, சட்டம். அந்த நாட்டின் 2009-ம் ஆண்டு தாய்ப்பால் ஊக்குவிப்புச் சட்டப்படி, வேலை செய்யும் இடத்தில் தாய்மார்களுக்கு இப்படி ஓர் இடம் ஒதுக்க வேண்டும். எட்டு மணி நேர வேலையில் குறைந்தது 40 நிமிஷம் அதற்கென்று விடவேண்டும். சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. 2019-ல் வந்த இன்னொரு சட்டம் மகப்பேறு விடுப்பைச் சம்பளத்துடன் 105 நாளாக ஆக்கியது. அதில் ஏழு நாளைத் தாய் விரும்பினால் குழந்தையின் தகப்பனுக்கு மாற்றிக் கொடுக்கலாம். நம் நாட்டில் 2017-ல் மகப்பேறு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்ததும், 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று விதித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். விடுப்பில் நாம் முந்தி. பால் எடுக்க ஓர் அறை என்பதில் அவர்கள் முந்தி.

இந்த அக்கறை ஒரே நாளில் வந்துவிடவில்லை. வடக்கே பாகியோ என்ற மலை நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரியில், 1970-களில் நதிவிதாத் கிளவானோ என்ற பெண் குழந்தை மருத்துவர், பிறந்த குழந்தைகளைத் தனி அறையில் வைத்துப் புட்டிப்பால் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தினார். குழந்தைகளைத் தாயின் பக்கத்திலேயே போடச் சொன்னார். வயிற்றுப்போக்கும் சிசு மரணமும் மளமளவென்று குறைந்தன. அதன் பிறகுதான் 1986-ல் பால்பவுடர் விளம்பரங்களுக்குக் கடிவாளம் போடும் சட்டம் வந்தது.

அந்தப் பெண் தினமும் வீட்டிலிருந்து ஒரு பாத்திரத்தில் முருங்கைக்கீரை சூப் கொண்டு வருவாள். “பால் ஊறும், ஆத்தே” என்பாள். நம் பாட்டிமாரும் அதையேதான் சொன்னார்கள். இரும்பும் சுண்ணாம்பும் நிறைந்த கீரை. பிள்ளை பெற்றவளுக்கு நல்லது. ஆனால் பால் ஊறுவதற்கு முதல் மருந்து, குழந்தை அடிக்கடி சப்பிக் குடிப்பதும், வேலைக்குப் போகும் இடத்தில் நேரம் தவறாமல் பாலை எடுத்துவிடுவதும்தான். கீரை அதற்குத் துணை.

“என் அம்மா ஓர் அட்டைப்பெட்டி”

விடிகாலை வேலை முடிந்ததும் நேரே சந்தைக்குப் போவோம். அங்கே ‘பைனிதான்’ என்று ஒரு பகுதி. இருட்டிலேயே அடுப்பு எரியும். ஒட்டரிசியைத் தேங்காய்ப் பாலில் வேகவைத்து வாழை இலையில் சுருட்டிய ‘புட்புட்’, கூடவே சுடச்சுடக் கொக்கோ பானம். கொக்கோக் கட்டியைக் கொதிநீரில் கரைத்து, மத்து மாதிரி ஒரு மரக்கட்டையால் கடைந்து நுரைக்க நுரைக்கத் தருவார்கள். ‘சிக்வாத்தே’ என்று பெயர். நம் இலை அடையும் காப்பியும் என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

கைக்குழந்தைக்காரி வகுப்பில் கொஞ்சம் பின்தங்கியிருந்தாள். எழுந்து போகும் 40 நிமிஷப் பாடம் விட்டுப் போகிறதே! அதனால் சந்தை பெஞ்சியில் உட்கார்ந்து தினமும் அரை மணி நேரம் அவளுக்குச் சொல்லிக் கொடுப்பேன். ஒரு நாள் நோட்டை மூடிவிட்டுச் சொன்னாள்.

“ஆத்தே, துபாயிலே எனக்கு ஒரு கடையிலே வேலை தயாரா இருக்கு. இங்கே தர்றதைப் போல ரெண்டு மடங்கு சம்பளம். ஏஜெண்டு பதிலுக்குக் காத்துக்கிட்டிருக்கான். பரீட்சையிலே தேறலைன்னா போயிடுவேன்.”

“குழந்தை?”

“என் அம்மாகிட்டே. எனக்கு ஒன்பது வயசானப்போ அம்மா குவைத்துக்குப் போனாங்க. திரும்பி வந்தப்போ எனக்கு இருபது. வருஷத்துக்கு ரெண்டு தடவை பெட்டி வரும். சோப்பு, சாக்லெட்டு, எனக்குச் சட்டை. ஒவ்வொரு தடவையும் சட்டை ஒரு அளவு சின்னதா இருக்கும். நான் எவ்வளவு வளர்ந்திருக்கேன்னு அம்மாவுக்குத் தெரியாதில்லையா? பதினொரு வருஷம் என் அம்மா எனக்கு ஓர் அட்டைப்பெட்டி, ஆத்தே.”

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. புட்புட்டை இலையிலிருந்து உரித்துக் கொண்டே சொன்னாள். நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

1974-ல் மார்க்கோஸ் ஆட்சியில்தான் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவதை அரசே ஒரு திட்டமாக எடுத்து நடத்த ஆரம்பித்தது. நர்சுகள், கப்பல் மாலுமிகள், வீட்டு வேலைப் பெண்கள் என்று லட்சக்கணக்கில் போனார்கள். 2023-ல் மட்டும் அவர்கள் வங்கி வழியே வீட்டுக்கு அனுப்பிய பணம் 3,300 கோடி அமெரிக்க டாலருக்கு மேல். அந்த நாட்டின் அடுப்பு எரிவதில் இந்தப் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

நெற்றியில் வைத்த போன்

லோலாவின் மகளும் அப்படித்தான். பேத்தியின் அம்மா ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்கிறாள். அங்கே இந்த வேலையில் மூன்று லட்சத்துக்கும் அதிகமான அயல்நாட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். பாதிக்கு மேல் பிலிப்பைன்ஸ்காரர்கள். முதலாளி வீட்டிலேயே தங்க வேண்டும். ஒப்பந்தம் இரண்டு வருஷம். அது முடிந்த பிறகே ஊருக்கு வருகிறவர்கள் பலர். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, பெரும்பாலும் ஞாயிறு. அன்றைக்குப் போக இடமில்லாமல் நகரத்தின் நடுவே நடைபாதையிலும் மேம்பாலத்தின் கீழும் அட்டையை விரித்துக் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள்.

நான் இருந்தபோது வந்த ஞாயிறு சாயங்காலம். போனில் மகள் வந்தாள். அட்டை விரிப்பில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் வரிசையாகப் பெண்கள். பேத்தி வீட்டுப் பாடத்தை எடுத்து வந்து காட்டினாள். அம்மா ஒவ்வொரு கணக்காகப் பார்த்துத் திருத்தினாள். பல் விழுந்த இடத்தைக் காட்டச் சொன்னாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் அந்தக் குழந்தை போனை இரண்டு கையாலும் எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக் கொண்டது.

அவர்கள் வழக்கம் ஒன்று உண்டு. பெரியவர்களைக் கண்டால் அவர்கள் கையைப் பிடித்து நெற்றியில் வைத்து ஆசி வாங்குவார்கள். நாம் காலைத் தொட்டு வணங்குவது போல. கை தூரத்தில் இருக்கிறது, அதனால் போன்.

“நான்தான் பழக்கினேன். இது பொம்மை இல்லை, உன் அம்மான்னு அதுக்குத் தெரியணுமில்லே?” என்றார் லோலா.

“ஏன் லோலா அனுப்பினீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. மேலே விரலைக் காட்டினார். “இந்தக் கூரை அவ போட்டது. முன்னே ஓலை. ஒவ்வொரு புயலுக்கும் பறந்துடும். குழந்தைக்கு மூச்சிரைப்பு, மருந்து அவ பணத்துலே. கடன் அவ அடைச்சது. அவ போகலேன்னா குழந்தைக்கு அம்மா இருப்பா, மூச்சு இருக்காது. நீயே சொல்லு, நான் என்ன செய்ய?”

பதில் சொல்ல எனக்கு என்ன தகுதி? தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு, நம் ஊரில் நாலரை, பையனோடு பேசும்போதெல்லாம் ‘இன்னும் எத்தனை நாள்?’ என்று விரல் விட்டு எண்ணச் சொல்வேன். அவன் விரல்களுக்குள் அடங்கிவிடுகிற பிரிவு என்னுடையது. அந்தக் குழந்தையின் விரல்கள் போதாது.

பரீட்சை

பதினாறாம் நாள் பரீட்சை. 14 பேரில் 13 பேர் தேறினார்கள். கைக்குழந்தைக்காரி தேறிவிட்டாள், இரண்டே மதிப்பெண் அதிகமாக. தாளைப் பார்த்ததும் முதலில் அவள் செய்த காரியம், துபாய் ஏஜெண்டுக்குச் செய்தி அனுப்பியதுதான். ராத்திரி வேலை உடம்பைக் கெடுக்கும், சம்பளம் பாதிதான், பெடிகேப் ரிப்பேருக்கு வாங்கிய ‘ஐந்து-ஆறு’ கடன் இன்னும் பாக்கி. எல்லாம் அவளுக்குத் தெரியும். “காலையிலே ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனா குழந்தை சிரிக்குது, ஆத்தே. அது துபாயிலே கிடைக்காது” என்றாள்.

தேறாத அந்த ஒருத்திக்கு இரண்டு குழந்தைகள். என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். அடுத்த வாரம் செபு நகரத்துக்குப் போய் வெளிநாட்டு வேலைக்கு எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். அவள் முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

பிள்ளைப் பாசம் குறைந்ததனால் எந்தத் தாயும் கப்பலேறுவதில்லை, சகோதரிகளே. சொந்த ஊரில் கௌரவமான ஒரு வேலை இருந்தால் பாதிப்பேர் போகமாட்டார்கள் என்பதை அந்த 14 நாற்காலிகளில் பார்த்தேன். ஒரு சிற்றூரில் திறக்கிற ஓர் அலுவலகம், அதில் பால் எடுக்க ஒரு சின்ன அறை, நாற்பது நிமிஷ அவகாசம். ஒரு குழந்தைக்கு அம்மா கிடைக்க அதுவே போதுமாயிருக்கிறது.

வேலைக்குப் போகும் இளம் தாய்மார்களுக்கு

அந்த அறையில் ஒட்டியிருந்த குறிப்புகளும், ஊர் திரும்பியதும் எங்கள் குழந்தை மருத்துவர் சொன்னவையும்:

• பால் எடுக்குமுன் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். புட்டியில் தேதி, நேரம் எழுதி ஒட்டுங்கள்.

• எடுத்த பால் 25 டிகிரிக்கு மேல் போகாத அறையில் நாலு மணி நேரம் தாங்கும். நம் ஊர் வெயிலுக்கு உடனே குளிர்பதனப் பெட்டியில் வைப்பதே நல்லது. அங்கே நாலு நாள் வரை இருக்கும். கதவில் வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள்.

• உறையவைத்த பாலை ஆறு மாதத்துக்குள் பயன்படுத்துங்கள். உருகிய பாலை மறுபடி உறையவைக்கக் கூடாது.

• அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சூடாக்காதீர்கள். வெந்நீர்ப் பாத்திரத்தில் புட்டியை வைத்தால் போதும். குழந்தை குடித்து மீதி வைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்; இல்லையென்றால் கொட்டிவிடுங்கள்.

• சில நாள் வெளியூர் போக நேர்ந்தால், குழந்தையிடம் சொல்லாமல் நழுவிப் போகாதீர்கள். எத்தனை நாள் என்று காலண்டரில் கட்டம் போட்டுக் காட்டுங்கள். தினமும் ஒரே நேரத்தில் பேசுங்கள்.

லோலாவின் முருங்கைக்கீரைப் பயறு

தேவை: முழுப் பாசிப்பயறு 1 கப், ஆய்ந்த முருங்கைக்கீரை 2 கப், பூண்டு 6 பல், வெங்காயம் 1, தக்காளி 2, இஞ்சி ஒரு துண்டு, கெட்டித் தேங்காய்ப் பால் அரை கப், உப்பு, மிளகுத்தூள், எண்ணெய் 2 ஸ்பூன்.

பயறை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, 4 கப் தண்ணீர் விட்டுக் குழைய வேகவையுங்கள். வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் நசுக்கிய பூண்டைப் பொன்னிறமாக வறுத்து, இஞ்சி, வெங்காயம், தக்காளி சேர்த்து வதக்குங்கள். வெந்த பயறைக் கொட்டி உப்புப் போட்டு ஐந்து நிமிஷம் கொதிக்கவிடுங்கள். தேங்காய்ப் பாலை ஊற்றி, ஒரு கொதி வரும்போது கீரையைப் போட்டுக் கிளறி, இரண்டு நிமிஷத்தில் இறக்கி விடுங்கள். அதிகம் வெந்தால் கீரை கசக்கும். மிளகுத்தூள் தூவிச் சூடான சாதத்தோடு பரிமாறலாம். பிள்ளை பெற்ற உடம்புக்கு நல்லது; பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தைகளுக்கு இதையே கொஞ்சம் நீர்க்க வைத்து சூப்பாகவும் கொடுக்கலாம்.